வெயில் கூடவில்லை, வெப்பம் கூடுகிறது: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு கணக்கு

சித்திரை பிறப்பை ஒட்டி ஓரிரு நாள் ராமநாதபுரம் கடற்கரைக்கு நேர் உச்சியில் சூரியன் வந்து நிற்கும். மணி 12 அடித்துப் பத்துப் பதின்மூன்று நிமிடம் கழித்து வெட்டவெளியில் ஒரு கம்பை நேராக நட்டுப் பார்த்தால் நிழல் அதன் அடியிலேயே அடங்கியிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை இப்படி வரும். மேகமில்லாத அந்த உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது.

ஆனால் பரமக்குடியில் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை அந்த நேரத்தில் பதிவாவதில்லை. 2 மணிக்கு மேல்தான், பல நாள் 3 மணியை நெருங்கித்தான் பதிவாகும். உச்சி சாய்ந்த பிறகு வெயில் குறையத் தொடங்கிவிடுகிறது. இருந்தாலும் தரை இழப்பதைவிட வாங்குவது அப்போதும் கூடுதலாகவே இருக்கிறது. மிச்சம் இருக்கிறவரை சூடு ஏறும். வரவும் இழப்பும் சமமாகும்போதுதான் ஏற்றம் நிற்கும். அப்புறம் இழப்பு மிஞ்ச மிஞ்ச, விடியும்வரை இறங்கிக்கொண்டே போகும். சூடு ஏறுமா இறங்குமா என்பதைத் தீர்மானிப்பது வருவதற்கும் போவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு ஊரின் ஒரு பகலுக்குப் பொருந்தும் இந்த விதி, பூமி முழுமைக்கும் அப்படியே பொருந்தும்.

பாம்பனிலும் மண்டபத்திலும் நிலைமை கொஞ்சம் வேறு. அதே வெயில்தான் விழுகிறது. ஆனால் தரை சூடேறி மேலெழும் காற்றின் இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று உள்ளே வந்துவிடுகிறது. பரமக்குடி வெந்துகொண்டிருக்கும் அதே வேளையில் பாம்பனில் சில டிகிரி குறைவாக இருப்பது கடல் செய்யும் வேலை. இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி அந்தக் கடலைப் பற்றியதுதான். அதற்கு முன் வரவைப் பார்த்துவிடுவோம்.

"முன்னெல்லாம் வெயில் இப்படி அடிக்காது" என்று சொல்லாத பெரியவர் இந்த மாவட்டத்தில் குறைவு. சூரியனே கூடுதலாகக் காய்கிறதா? 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதைத் தொடர்ந்து அளந்து வருகின்றன. காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேரெதிராக வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுவது சுமார் 1361 வாட். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். இந்த அரை நூற்றாண்டு ஏற்றத்துக்குக் காரணமாகச் சொல்லும்படி அது கூடவே இல்லை. ஆக, சூரியன் அதேதான். மாறியது பூமி வாங்கி வெளியே விடும் விதம். சேர்ந்த மிச்சத்தில் பெரும்பங்கு நம் தலைக்கு மேலுள்ள காற்றில் இல்லை, கடலில் கிடக்கிறது. கடற்கரையில் வாழ்கிறவர்கள் வெப்பநிலைச் செய்தியைக் காற்றுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது போதாது என்று நான் சொல்ல வருவதற்குக் காரணம் இதுதான்.

1361 வாட் பூமியெங்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. பாதிப் பூமி இருட்டில் இருக்கிறது, மீதிப் பாதியிலும் வெயில் சாய்வாகவே விழுகிறது. உருண்டையின் மேற்பரப்பு அதன் வட்டக் குறுக்குப்பரப்பைப் போல நான்கு மடங்கு என்பதால், இரவு பகல், துருவம் நடுக்கோடு எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் சதுர மீட்டருக்கு 340 வாட். இதில் சுமார் 100 வாட் மேகம், பனி, மணல், தூசி ஆகியவற்றில் பட்டுத் திரும்ப வானத்துக்கே போய்விடுகிறது. மீதி 240 வாட்டில் ஏறத்தாழ 160 தரைக்கும் கடலுக்கும், 80 காற்றுமண்டலத்துக்கும் போகிறது.

எது எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை வாலிநோக்கம் உப்பளத்து வரப்பில் நின்றாலே கண்ணால் பார்க்கலாம். வாரிக் குவித்த உப்பைக் கண் கூசாமல் பார்க்க முடியாது. விழும் ஒளியில் ஏறக்குறைய பாதியை அது திருப்பி அடிக்கிறது. பக்கத்தில் கிடக்கும் கடலோ நூற்றில் ஆறு பங்கைத் தவிர மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பூமியில் விழும் வெயிலில் பெரும்பகுதியை வாங்குவது இந்தக் கருத்த பரப்புதான்.

உப்பளத்தில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. பாத்தியில் விடும் கடல்நீர் அடர்த்திமானியில் 3 டிகிரி போலக் காட்டும். அது 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு விளையும். இந்த டிகிரி சூட்டைக் குறிப்பதல்ல, உப்புநீரின் அடர்த்தியைக் குறிப்பது. 3-லிருந்து 25-க்கு ஏற, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகிறது. ஒரு ஏக்கர் பாத்தியில் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர்மட்டம் இறங்கினால் 20,000 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அந்த அளவைக் கொதிகலனில் வைத்து ஆவியாக்க நினைத்தால் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் எழுபத்தைந்து தேவைப்படும். வெயில் இதைச் சத்தமில்லாமல் தினமும் செய்கிறது. அந்த வெப்பம் அழிந்துவிடுவதில்லை. நீராவிக்குள் ஒளிந்து மேலே போய், மேகமாகக் குளிரும்போது அங்கே வெளிப்படுகிறது. உலகச் சராசரியில் தரையும் கடலும் இப்படி ஆவியாதல் மூலம் சதுர மீட்டருக்குச் சுமார் 80 வாட்டை மேலே அனுப்புகின்றன. சூட்டுக் காற்று நேரடியாக மேலேறிக் கொண்டுபோவது 20 வாட் அளவுதான்.

சரி, மேலே போனதெல்லாம் பூமியை விட்டு எப்படி வெளியேறுகிறது? விண்வெளியில் காற்று இல்லை. நீராவியோ சூட்டுக் காற்றோ அங்கே போக முடியாது. கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. சூடு ஏற ஏற வீசும் அளவு வேகமாகக் கூடும்; எவ்வளவு கூடும் என்பதை ஸ்டெஃபான் 1879-ல் சோதனைகளிலிருந்து கணித்தார், 1884-ல் போல்ட்ஸ்மான் அதற்குக் கோட்பாடு தந்தார். அந்த விதிப்படி 240 வாட்டை வாங்கி 240 வாட்டை வீசும் ஒரு கோளின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் பூமித் தரையின் சராசரி 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இடையில் உள்ள அந்த 33 டிகிரி இல்லையென்றால் பாக் நீரிணையில் பனிக்கட்டிதான் இருக்கும்.

இந்த 33 டிகிரிக்குக் காரணம் தேடிய வரலாறு 200 ஆண்டு பழையது. 1824-ல் ஃபூரியே, காற்று வெயிலை உள்ளே விடும் அளவுக்குப் பூமியின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை என்று சொன்னார். 1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் கூடுதலாகச் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமி சூடேறும் என்று அப்போதே எழுதினார். 1859-ல் டிண்டால், நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிரை விழுங்குவதைக் கருவி வைத்து அளந்தார். உலர்ந்த காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரை ஏறக்குறைய தொடுவதே இல்லை. எல்லா வேலையையும் செய்வது சொற்ப அளவிலுள்ள மற்ற வாயுக்கள். 1896-ல் அர்ரேனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

கருவி எதுவும் இல்லாமல் இதை உணர வேண்டுமானால் ஐப்பசி இரவையும் மார்கழி இரவையும் ஒப்பிட்டால் போதும். ஐப்பசியில் மேகம் கவிந்து ஈரம் நிறைந்த இரவுகளில் விடியும்வரை புழுக்கம் தணியாது. மார்கழி, தை மாதங்களில் வானம் வெளுத்து வாடைக்காற்று உலர்ந்து வரும் இரவில் ஓட்டு வீட்டுக் கூரையிலும் வைக்கோல் போரிலும் பனி இறங்கிக் கிடக்கும். இரண்டு இரவிலும் சூரியன் இல்லை. வானத்திலிருந்து கீழ்நோக்கி வரும் அகச்சிவப்புக் கதிர்தான் வித்தியாசம். மேகமும் நீராவியும் நிறைந்த வானம் தரையை நோக்கி நிறைய வீசுகிறது, தெளிந்த உலர்ந்த வானம் குறைவாக வீசுகிறது.

இங்கே ஒரு நல்ல கேள்வி உண்டு. 1900-லேயே ஆங்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் கேட்டது அது. இருக்கிற கரியமில வாயுவே தனக்கு உரிய அலைநீளக் கதிரை முழுக்க விழுங்கிவிடுகிறதே, இனி எவ்வளவு சேர்த்தால் என்ன? பல பத்தாண்டுகள் பலர் இதை நம்பினார்கள். இன்றைக்கும் இந்தக் கேள்வி வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. பதில் தரையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. கீழே எழும் கதிர் விழுங்கப்பட்டு, திரும்ப வீசப்பட்டு, மறுபடி விழுங்கப்பட்டு மேலேறுகிறது. கடைசியில் காற்று மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் அது தப்பி விண்வெளிக்குப் போகிறது. சராசரியாக அந்த உயரம் 5 கிலோமீட்டர் அளவு. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகும் காற்றில் அங்கே வெப்பநிலை மைனஸ் 18. முன்னே பார்த்த 33 டிகிரி இப்படித்தான் வருகிறது. கரியமில வாயு கூடினால் கதிர் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே போகிறது. மேலே போனால் காற்று இன்னும் குளிர்ந்தது, குளிர்ந்த காற்று குறைவாகவே வீசும். உள்ளே 240 வாட் வந்துகொண்டிருக்க, வெளியே போவது அதைவிடக் குறைகிறது. அந்த மெலிந்த மேலடுக்கும் சூடேறி மறுபடி 240 வாட்டை வீசும்வரை கீழே தரையும் கடலும் சூடேறியே ஆக வேண்டும்.

சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலம் அடியிலிருந்து நுனிவரை சூடேறியிருக்க வேண்டும். அளவீடு சொல்வது வேறு. கீழடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு பல பத்தாண்டுகளாகக் குளிர்ந்து வருகிறது. வெப்பம் வெளியேறும் வழி நடுவில் குறுகினால் இப்படி நடக்கும், சூரியன் கூடினால் நடக்காது.

சேர்ந்த கரியமில வாயு எங்கிருந்து வந்தது? ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. மூட்டத்தின் புகையைப் பார்த்து, காலநிலையைக் கெடுப்பது இவர்கள்தான் என்று யாராவது சொன்னால் அது நியாயமல்ல. அந்தக் கருவேலம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கரிதான் திரும்பக் காற்றுக்குப் போகிறது. வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழைக்கும் மரம் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். புகை மூச்சுக்குக் கெடுதல்தான், அது தனிப் பிரச்சினை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் கதை வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்த கரி அது. கரிமூட்டத்துக் கரியில் கார்பன் 14 என்ற கதிரியக்க அணு இருக்கும், பழைய நிலக்கரியில் அது சிதைந்து தீர்ந்துபோயிருக்கும். காற்றில் கரியமில வாயு கூடக் கூட அதில் கார்பன் 14-இன் விகிதம் நீர்த்துப்போனதை 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வந்த கரி புதைந்து கிடந்த கரிதான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி தொடர்ந்து அளக்கத் தொடங்கிய 1958-ல் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

நீராவி இதைவிட வலுவான வாயு ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது காற்றில் தங்குவது சராசரியாக ஒன்பது, பத்து நாள், அப்புறம் மழையாகிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கரியமில வாயு தொடங்கிவைக்கும் சூட்டை நீராவி பெருக்கிக் கொடுக்கிறது. இப்படியான பின்விளைவுகளையெல்லாம் சேர்த்துத்தான், கரியமில வாயு இரட்டிப்பானால் 3 டிகிரி ஏறும், பெரும்பாலும் இரண்டரைக்கும் நான்குக்கும் இடையில் இருக்கும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை மதிப்பிட்டது.

மேகம்தான் இதில் கடினமான பகுதி. அது வெயிலைத் தடுக்கவும் செய்கிறது, வெப்பத்தைப் பிடித்து வைக்கவும் செய்கிறது. இரண்டில் எது மிஞ்சும் என்ற கேள்விக்கு அளவீட்டால் பதில் சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், 1989-ல் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்று காட்டினார். அதற்கு முன்பே 1975-ல், குளிர்பதனப் பெட்டியில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுமைக்குடில் வாயுக்கள்தான் என்று கண்டறிந்தவரும் அவரே. 1999-ல் இந்தியப் பெருங்கடலின் மேல் படர்ந்திருந்த பழுப்புப் புகைமூட்டத்தை ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர். அந்தப் புகைமூட்டம் வெயிலைத் தடுத்துச் சூட்டின் ஒரு பகுதியை மறைத்து வந்திருக்கிறது. புகை குறைவதும், பனிப்பரப்பு சுருங்குவதும், சில வகை மேகங்கள் மெலிவதும் சேர்ந்து பூமி திருப்பி அனுப்பும் வெயில் அண்மை ஆண்டுகளில் குறைந்திருக்கிறது. சூரியன் கூடாவிட்டாலும் நாம் வாங்கும் பங்கு இப்படியும் கூடுகிறது.

இவையெல்லாம் சேர்ந்து இன்றைக்கு எவ்வளவு மிச்சம்? 2006 முதல் 2018 வரையிலான சராசரி சதுர மீட்டருக்கு சுமார் 0.8 வாட். 240-க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கமுதியை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். அங்கே 2016-ல் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ராமநாதபுரம் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர். அந்த 0.8 வாட் உலகெங்கும் சமமாகப் பரவியிருந்தால் இந்த மாவட்டத்தின் பங்கு 3,280 மெகாவாட். கமுதி நிலையம் உச்சி வெயிலில் முழுத் திறனோடு ஓடுவதைப் போல ஐந்து மடங்கு, இரவும் பகலும் நிற்காமல். இது ஒரு மாவட்டத்துக்கு மட்டும். பூமி முழுவதற்கும் பார்த்தால், மனிதர்கள் எரிக்கும் எல்லா ஆற்றலையும் போல இருபது மடங்கு.

இந்த மிச்சத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குப் போகிறது. காற்றுக்குப் போவது நூற்றில் ஒன்றுதான். கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் மட்டுமே மொத்தக் காற்றுமண்டலம் தாங்கும் அளவு வெப்பத்தைத் தாங்கிவிடும் என்பதால் இது வியப்பல்ல. கடலுக்குள் போன வெப்பத்தை ஆர்கோ மிதவைகள் அளக்கின்றன. 2000 மீட்டர் ஆழம் வரை தானாக இறங்கி, ஏறி வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் கருவிகள் இவை. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 மிதக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் இந்தப் பணியில், நம் மீனவர்களுக்கு மீன்வளப் பகுதி அறிவிப்பு தரும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஆர்கோ ஆழ்கடலுக்கான கருவி. ராமேஸ்வரத்துக்கு வடக்கே, வடகடல் என்று மீனவர்கள் சொல்லும் பாக் நீரிணை பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. தென்கடலான மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. தீவுகளைச் சுற்றியுள்ள பகுதியோ சில பாகம், அதாவது சில மீட்டர், ஆழம்தான். ஆழமில்லாத நீரில் சிறு மிச்சமும் பெரிய சூடாகிவிடும். 10 மீட்டர் ஆழ நீரில் 0.8 வாட் ஓர் ஆண்டு முழுக்க வெளியேறாமல் தங்கினால் நீர் 0.6 டிகிரி ஏறும். நடைமுறையில் அப்படித் தங்குவதில்லை. ஆவியாதலும் காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகின்றன. காற்று ஓய்ந்து, வானம் தெளிந்து, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆபத்து. ஆவியாதல் குறையும், மேல்நீரும் கீழ்நீரும் கலக்காது, வெயில் மட்டும் நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துக் கடலைக் கலக்கினால்தான் நீர் ஆறும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்கள் இந்த நாள்களில்தான் வெளுக்கின்றன. பவள உயிரிக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி, நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி ஒரு மாதம் நீடித்தாலே வெளியேற்றப்பட்டுவிடும். வெறும் சுண்ணாம்புக்கூடு தெரியும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இதைப் பார்த்தது. மூன்றுமே எல் நினோவை, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலத்தை, ஒட்டி வந்த ஆண்டுகள். எல் நினோ முன்பும் வந்ததுதான். இப்போது அது வரும்போது கடலின் வழக்கமான சூடே உயர்ந்திருக்கிறது, வரம்பைத் தாண்ட அதிக தூரம் போக வேண்டியதில்லை. பாம்பன் பக்கத்தில் பார்களின் மேல் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும், மண்டபம் கரையில் மிதவை கட்டிக் கடற்பாசி வளர்ப்பவர்களுக்கும் தீவுக்குப் பக்கத்து நீர் எத்தனை டிகிரி என்பது அன்றாடப் பிழைப்பு. செயற்கைக்கோள் காட்டுவது கடலின் மேல்தோலை மட்டும்தான். பாரின் அடியில் உள்ள சூட்டை இறங்கித்தான் அளக்க வேண்டும். அந்த அளவீடு மழைமானியைப் போல ஊருக்கு ஊர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சூடான கடல் காற்றுக்குத் தரும் நீராவியும் கூடுதல். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இந்த ஒரு மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, தனியாக ஆராயாமல் சொல்லவும் கூடாது. ஆனால் அதன் ஆற்றல் கணக்கு நமக்குத் தெரியும். 40 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 400 லிட்டர். அவ்வளவு நீராவி மேகமாகக் குளிர்ந்தபோது, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒன்றரை எரிவாயு சிலிண்டர் அளவு வெப்பம் மேலே காற்றில் வெளிப்பட்டிருக்கிறது. அத்தனையும் முன்பு எங்கோ கடல்மேல் விழுந்த வெயில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இதே எரிபொருளில்தான் ஓடியது.

சூடேறும் நீர் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகம். 1971-க்குப் பிந்தைய ஏற்றத்தில் பாதி, நீர் விரிந்ததால் மட்டும் வந்தது. மீதியில் பெரும்பங்கு உருகிய நிலப்பனி. கரியமில வாயு வெளியேற்றம் முழுக்க நின்றுவிட்டால் காற்றின் சராசரி வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும் என்றுதான் இன்றைய கணிப்புகள் காட்டுகின்றன. இது நல்ல செய்தி. போதுமான அளவு பேசப்படாத செய்தியும்கூட. கடல்மட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மேலே சேர்ந்த வெப்பம் ஆழத்துக்கு இறங்கிப் பரவ நூற்றாண்டுகள் ஆகும், அதுவரை நீர் விரிந்துகொண்டே இருக்கும். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவோ இறங்குதளமோ கடலோரச் சாலையோ இன்று கட்டும்போது, 2100 வரை காற்றின் சூட்டுக்கு ஒரு கணக்கும் கடலின் உயரத்துக்கு வேறொரு கணக்கும் போட வேண்டியிருப்பது இதனால்தான்.